பெல்ட்டுக்காரரின் முதுகு

ஏணியைச் சுவரில் சாய்த்ததும் முதல் வேலையாக அதை எட்டி உதைக்கிறார். ஏணி அசையவில்லை. அது அவருக்குப் பிடிக்கவில்லை போலும். இன்னும் ஓர் உதை. பிறகு இரு கைகளாலும் பிடித்து, விழப்போகும் பல்லை ஆட்டிப் பார்க்கும் குழந்தையின் அக்கறையோடு இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். அப்போதும் அது ஆடாமல் நிற்கவே, குனிந்து தரையைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார்.

"ஆடலைன்னு சந்தோஷப்படக் கூடாது. ஏன் ஆடலைன்னு பாக்கணும்" என்கிறார், யாரும் கேட்காமலேயே.

கூரைகளின் மேல் சோலார் பேனல் மாட்டுவது அவர் தொழில். தெருவில் அவருக்குப் பெல்ட்டுக்காரர் என்று பெயர். தோளில் தொடங்கித் தொடைவரை உடம்பைக் கட்டிப்போடும் பாதுகாப்பு பெல்ட்டைக் காலையில் சட்டைக்கு மேல் மாட்டினால், இரவு சாப்பிட உட்காரும்வரை கழற்ற மாட்டார். அந்தக் கோலத்திலேயே வங்கியில் வரிசையில் நிற்பார். அந்தக் கோலத்திலேயே முடிவெட்டிக்கொள்வார். மகளின் பள்ளிக்கூடத்தில், மதிப்பெண் பற்றி ஆசிரியை சொல்வதையும் அதே கோலத்தில் சாய்ந்து உட்கார்ந்து கேட்பார். மதிப்பெண் சரசரவென்று சரிந்துகொண்டிருந்த வருடத்தில் ஆசிரியைக்கு அது பொருத்தமான உடுப்பாகவே பட்டதாம். முதுகின் நடுவே ஓர் இரும்பு வளையம். கயிறு மாட்டுவதற்கானது. நடக்கும்போதெல்லாம் அது கிணுகிணுக்கும். பெல்ட்டுக்காரர் வருகிற செய்தி பெல்ட்டுக்காரருக்கு முன்பே வந்து சேர்ந்துவிடும்.

ஏன் கழற்றுவதில்லை என்று கேட்டால் அதற்கும் ஒரு தத்துவம் வைத்திருக்கிறார். "கழட்டினா மறுபடி மாட்டச் சோம்பலா இருக்கும். சோம்பல் வந்தா, சும்மா ரெண்டு நிமிஷ வேலைதானேன்னு வெறும் உடம்போட ஏறத் தோணும். நம்ம தொழில்ல போய்ச் சேந்தவன் பூராவும் அந்த ரெண்டு நிமிஷத்துல போனவன்தான்."

இவ்வளவு முன்ஜாக்கிரதையான மனிதர் தெருவைக் கடப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். காதில் போன், வாயில் பேச்சு, கண் எங்கோ ஒரு வீட்டு முகட்டில். இடமும் பார்ப்பதில்லை, வலமும் பார்ப்பதில்லை. லாரிகள் கிறீச்சிட்டு நிற்கின்றன. ஓட்டுநர்கள் அவருடைய முன்னோர்களை விசாரிக்கிறார்கள். அவர் கவனிப்பதில்லை. அவருடைய பகை புவியீர்ப்பு ஒன்றோடுதான். லாரிகளோடு அவருக்கு எந்தத் தகராறும் இல்லை.

வாடிக்கையாளர்களிடம் அவர் அதிகம் பயன்படுத்தும் சொல் 'முடியாது'. மற்ற வியாபாரிகள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைவார்கள். இவர் நுழைந்த கையோடு பரணில் ஏறி, கூரையைத் தாங்கும் கைமரங்களை ஸ்குரூடிரைவரின் பிடியால் ஒவ்வொன்றாகத் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். டங் என்றால் தலையாட்டல். பொத் என்றால் கீழே இறங்கிவிடுவார். ஒருமுறை புது வீடு வாங்கியவர் ஒருவரிடம், "உங்க வீடு உங்களையே கஷ்டப்பட்டுத்தான் தாங்குது சார். அதுமேல நான் வேற எதுக்கு?" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் அன்று முழுக்க வீட்டுக்குள் மெல்ல மெல்ல நடந்ததாகக் கேள்வி.

இன்னொருவர், பேனல்கள் தெருவைப் பார்த்த பக்கம்தான் இருக்க வேண்டும் என்று அடம்பிடித்தார். அந்தப் பக்கம் வருடம் முழுக்க நிழல்.

"வெயில் அந்தாண்டப் பக்கம்தாங்க விழுது."

"ஆனா ஆளுங்க இந்தப் பக்கம்தானேய்யா வர்றாங்க?"

பெல்ட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒண்ணு பண்ணுங்க. பேனலைப் போட்டோ எடுத்து இந்தப் பக்கம் ஒட்டிடுங்க. கரண்டும் ஒரே அளவுதான் வரும்."

வேலை கைநழுவியது. பெல்ட்டுக்காரர் வெற்றி பெற்றவர் நடையில் வீடு திரும்பினார்.

வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறவர்களிடம் அவருக்குத் தனி எரிச்சல் உண்டு. பேனல், வெயில் பட்ட நொடியிலிருந்து மின்சாரம் சுரந்துகொண்டேயிருக்கும். வயர் இணைக்கிற கைக்கு அது இரக்கம் காட்டாது. ஆகவே ஒவ்வொரு பேனலையும் கறுப்புத் தார்ப்பாயால் போர்த்திய பிறகே முனைகளைத் தொடுவார். இதற்குப் 'பேனலைத் தூங்க வைக்கிறது' என்று பெயர். "நீங்க உங்க சுவிட்ச அணைக்கலாம். சூரியனுக்கு யாரு சுவிட்ச் வச்சிருக்கா?" என்பார். தூங்க வைத்த பேனலின் அருகே குரலைக்கூடத் தாழ்த்திப் பேசுவதாக எனக்கொரு சந்தேகம்.

காற்று அடித்தால் வேலை கிடையாது. மரக்கிளை ஆடினால் போதும், இறங்கிவிடுவார். "பேனலைத் தூக்கிட்டுக் காத்துல நின்னா அது பேனல் இல்ல, பாய்மரம். கப்பல் யாருன்னு நினைக்கிறீங்க? நாமதான்." வேலை செய்ய மனமில்லாத நாட்களிலும் காற்றுதான் காரணமாகும். அந்த நாட்களில் இலை அசையாது.

எதையும் இழுத்துப் பார்க்கும் பழக்கம் தொழிலில் தொடங்கி உடம்பில் இறங்கிவிட்டது. மாடிப்படிக் கைப்பிடி, திரைச்சீலைக் கம்பி, சுவர் அலமாரி, யார் வீடாக இருந்தாலும் சரி, ஒரு வெடுக். எதிலும் நம்பிக்கையில்லாத அந்த வெடுக்கில் சில வீடுகளில் கண்ணாடிகள் இறங்கியிருக்கின்றன. உறவுக்காரர்கள் வீட்டுக்குப் போனால் அவருடைய மனைவி முன்னெச்சரிக்கையாக அவர் ஒரு கையில் தேநீரையும் மறுகையில் தட்டையும் திணித்துவிடுவாள். "ரெண்டையும் கீழ வைக்காதீங்க" என்று கண்ணால் சொல்வாள். பேனல் ஏற்றும்போது கயிறு எப்படியோ, உறவுகள் விஷயத்தில் அந்தத் தட்டு அப்படி.

ஒரே ஒரு நாள் தட்டு வர நேரமாகிவிட்டது. அதைச் சொல்லும் முன் அவருடைய மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மச்சினன், மனைவியின் தம்பி. நெடுங்காலமாக இவரோடு கூரை ஏறுகிறவன். ஆள் ஒல்லி, பேச்சு குறைவு, ஓட்டுக்கூரையில் பூனை மாதிரி நடப்பான். ஓடு எங்கே மரச்சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அங்கே மட்டுமே பாதம் வைப்பான்; அவன் நடந்த கூரையில் ஓர் ஓடுகூட உடைந்ததில்லை. இருவருக்கும் இடையில் ஒரு சட்டம் இருக்கிறது. யாரும் தன் பெல்ட்டைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாது. காலையில் ஏணியடியில் மச்சினன் இவர் பெல்ட்டைப் பார்ப்பான். கொக்கி, வார், கடைசியாக முதுகு வளையம். பார்த்துவிட்டுச் 'சரி' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இவர் அவனுடையதைப் பார்த்துச் 'சரி' என்பார். அந்த இரண்டு சரிகளும் விழாமல் ஏணியில் ஒரு கால் ஏறாது.

"தன் முதுகைத் தானே பாத்தவன் உலகத்துல எவனும் இல்ல மாப்ள. அதுக்குத்தான் மச்சான்னு ஒருத்தனைக் கடவுள் படைச்சிருக்கான்" என்பார். உறவுமுறைகளுக்கு இதைவிட உருப்படியான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை.

மச்சினனுக்குக் குழந்தை பிறந்தது. பெல்ட்டுக்காரரும் மனைவியும் அவனுடைய மாமனார் வீட்டுக்குப் பார்க்கப் போனார்கள். குழந்தைக்குத் தொட்டில் கட்ட, மச்சினனின் மாமனார் தன் கையாலேயே விட்டத்தில் கொக்கி மாட்டி வைத்திருந்தார். அந்த வீட்டையும் தன் கையாலேயே கட்டியவர் அவர். அதை வந்தவர் எல்லோருக்கும், வராதவர் சிலருக்கும் சொல்லியிருக்கிறார். தொட்டில் இன்னும் கட்டவில்லை. கொக்கி மட்டும் மேலே பளபளத்தது. பெல்ட்டுக்காரர் குழந்தையைப் பார்க்கவில்லை, கொக்கியைப் பார்த்தார். மனைவி சமையலறையிலிருந்து தட்டோடு வருவதற்குள் நாற்காலியில் ஏறிவிட்டார்.

"அதெல்லாம் ஸ்ட்ராங்கா இருக்குங்க. நான் கட்டின வீடு, எனக்குத் தெரியாதா?" என்றார் மாமனார்.

பெல்ட்டுக்காரர் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்து, நாற்காலியிலிருந்து காலை எடுத்தார்.

கொக்கியும் அவரும் ஒன்றாக இறங்கினார்கள். கூடவே விட்டத்துக் காரையில் ஒரு கூடை. அதில் பெரும்பகுதி மாமனாரின் தலைமேல். வெண்மை படர்ந்து, புருவம் நரைத்து, ஒரு நொடியில் இருபது வயது கூடியவராக நின்றார் அவர். சம்பந்தி வீட்டுக் கூட்டம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. குழந்தை அழக்கூட மறந்துவிட்டது. பெல்ட்டுக்காரர் தரையில் உட்கார்ந்தபடி கொக்கியின் மரையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "சுவத்துக்குப் போடற ஆணி" என்று தீர்ப்புச் சொன்னார்.

அவர் சொன்னது சரி. அந்தக் கொக்கியில் தொட்டில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் புரிந்தது. அதனால்தான் யாராலும் மன்னிக்க முடியவில்லை. தப்பாகச் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுத் தேநீர் கொடுத்திருப்பார்கள்.

மச்சினனின் மனைவி அன்று இரவே அழுதாள். "எங்கப்பா தலையில மண்ணைக் கொட்டிட்டாரு உங்க அத்தான்." மச்சினன் மறுநாள் வந்து, ஒரே ஒரு வார்த்தை கேட்டான். மாமனாரிடம் போய் ஒரு மன்னிப்பு.

"நான் என்ன பொய்யா சொன்னேன்? பொய் சொன்னது கொக்கி. அது வந்து என்கிட்ட மன்னிப்புக் கேக்கட்டும்."

அன்றோடு பேச்சு நின்றது. மச்சினன் வேறொரு கம்பெனியில் வேலைக்குச் சொல்லி வைத்தான். கையில் இருக்கிற வேலையை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவதாக அக்காவிடம் சொல்லிவிட்டான்.

கையில் இருந்த வேலை எங்கள் பக்கத்து வீடு. தபால்காரம்மாவின் வீடு. தபால் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை கவுண்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்தியவர். என் ஜன்னலுக்கு நேரே அவருடைய ஓட்டுக்கூரை. எனவே, பேசிக்கொள்ளாத இருவர் ஒரே கயிற்றில் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது.

பேனல் ஒன்றை ஒருவர் தூக்க முடியாது. இந்த முனையில் இவர், அந்த முனையில் அவன். கைநீட்டினால் தொடுகிற தூரம். ஆனால் செய்தி போக வேண்டிய வழி வேறு. பெல்ட்டுக்காரர் முற்றத்தைப் பார்த்துக் குரல் கொடுப்பார்: "அம்மா, அவர்கிட்ட இடது பக்கம் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்க."

கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தபால்காரம்மா அண்ணாந்து, "தம்பி, இடது பக்கம் தூக்கணுமாம்" என்பார்.

"தூக்கிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லுங்கம்மா. அவரு பக்கம்தான் சரியுதுன்னு சொல்லுங்க."

"உங்க பக்கம்தான் சரியுதாம்."

"சரியலைன்னு..."

"ரெண்டு பேரும் கொஞ்சம் இருங்கப்பா, ஒருத்தர் ஒருத்தரா வாங்க. கூட்டம் அதிகமா இருக்கு" என்பார் தபால்காரம்மா. ஓய்வு பெற்ற பிறகு அந்த அம்மாள் இவ்வளவு உற்சாகமாக இருந்து நான் பார்த்ததில்லை.

சண்டையிலும் அந்தக் காலைச் சட்டத்தை மட்டும் அவர்கள் விடவில்லை. ஆனால் அதுவும் இளைத்துப் போயிருந்தது. முகத்தைப் பார்க்காமல் முன்பக்கக் கொக்கிகளில் ஒரு தட்டு, முதுகு வளையத்தில், வேண்டாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஒரு தட்டு, 'சரி'. அந்தச் சரியில் பாதி தொண்டையிலேயே தங்கிவிடும்.

மச்சினன் போனால் யார் என்ற கேள்வி பெல்ட்டுக்காரரை அரித்துக்கொண்டிருந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆட்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். ஒருவன் இவரைத் திரும்பச் சொல்வதற்கு முன்பே 'சரி' என்றான். அவனைத் திருப்பி அனுப்பினார். இன்னொருவன் மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்து வந்திருந்தான். மூன்றாமவன் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பார்த்தான். ஆனால் அவன் தனக்கு மாட்டியிருந்த பெல்ட் தலைகீழ். வீட்டிலோ மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "என் தம்பி பாக்காம நீங்க கூரை ஏறக் கூடாது. அப்படி ஏறணும்னா வேற பொண்டாட்டியப் பாத்துக்கிட்டு ஏறுங்க." ஆக, ஒரு வார்த்தையைச் சொல்லாமல் காப்பாற்றுவதற்காக மனிதர் தொழிலையே விடத் தயாராகிக்கொண்டிருந்தார். தரையில் நின்று அவருக்குச் செய்யத் தெரிந்த ஒரே காரியம் அடுத்தவர் வீட்டுக் கைப்பிடியை இழுப்பது. அதற்குக் கூலி கொடுப்பார் இல்லை.

கடைசி நாள் வந்தது. வயர் இணைப்பும் முகட்டோரத்தில் ஒரே ஒரு வரிசைப் பேனலும் பாக்கி. ஏணி உதை வாங்கியது. தரை சந்தேகிக்கப்பட்டது. தலையில் ஏதும் விழாதிருக்க முற்றத்தில் கயிறு கட்டி, தபால்காரம்மாவின் நாற்காலி கயிற்றுக்கு வெளியே நகர்த்தப்பட்டது. பெல்ட்டுக்காரர் வழக்கம்போல் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, மச்சினனுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

மச்சினன் சுற்றி வந்து முன்பக்கக் கொக்கிகளைத் தட்டினான். மறுபடி பின்னால் போனான். போனவன் தட்டவில்லை. இனி இந்த முதுகைப் பார்க்க வேண்டியதில்லை என்பதாலோ என்னவோ, அன்று நின்று பார்த்தான். வளையத்தைத் தூக்கி அதன் அடியில் விரலைவிட்டான்.

'சரி' வரவில்லை.

பெல்ட்டுக்காரர் கையை நீட்டியபடியே நின்றார். "அம்மா, என்னன்னு கேளுங்க."

"என்னன்னு கேக்கறாரு."

"பின்னாடி தையல் விட்டிருக்கு. ஏற வேணாம்னு சொல்லுங்க."

"தையல் விட்டிருக்காம். ஏற வேணாமாம்."

பெல்ட்டுக்காரரின் காது சிவந்தது. "நேத்து வரைக்கும் இருந்த தையல் இன்னிக்கு எப்படி விடும்? போற அன்னிக்கு நாலு பேர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்திட்டுப் போகணும். அதானே? அதைச் சொல்லுங்க அவர்கிட்ட."

"அது கொஞ்சம் நீளமா இருக்கே" என்றார் தபால்காரம்மா. "அப்படியே சொல்லணுமா, சுருக்கித் தந்தியா அடிக்கலாமா?"

பெல்ட்டுக்காரர் தன் முதுகைத் தானே பார்க்க முனைந்தார். கழுத்தைத் திருப்பினார், கழுத்தோடு முதுகும் திரும்பியது. இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று. வளையம் கிணுகிணுத்துக்கொண்டே அவரை விட்டு ஓடிக்கொண்டிருந்தது. தபால்காரம்மாவின் ஜன்னல் கண்ணாடி முன்னால் போய்ப் பின்பக்கமாக நின்றார். கண்ணாடியில் தெரிந்ததைப் பார்க்கத் திரும்பியபோது அதில் அவர் முகம்தான் இருந்தது. உலகத்தில் எவனும் செய்ததில்லை என்று அவரே சொன்ன காரியத்தை அவர் நடு முற்றத்தில் செய்து பார்த்தார் என்பதற்கு நானும் தபால்காரம்மாவும் சாட்சி. கழற்றிப் பார்த்திருக்கலாம். கழற்றினால் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

மூச்சு வாங்க நின்றார். "தினம் மாட்டறவன் நான். என் பெல்ட்டு, எனக்குத் தெரியாதா?"

சொல்லி முடித்த வாய் மூடவில்லை. அந்த வாக்கியத்தை இதற்கு முன் எங்கே கேட்டோம் என்று யோசிக்கிறவர் முகம் அது.

அதற்குள் மச்சினன் பின்னால் வந்து, வளையத்துக்குள் இரண்டு கை விரல்களையும் கோத்து, ஒரு காலை அவருடைய இடுப்புக்குக் கீழே முட்டுக் கொடுத்து, ஒரு வெடுக். பழைய துணி கிழிகிற சத்தம். வளையம் மச்சினன் கையோடு போனது. பெல்ட்டுக்காரர் எதிர்ப்பக்கம் போய் ஏணியைக் கட்டிக்கொண்டார். உதைத்து, ஆட்டி, தரையோடு சேர்த்துச் சோதித்து வைத்த ஏணி அவரைத் தாங்கிற்று.

"அத்தான்!" என்று கத்தினான் மச்சினன். பாசத்தில் வந்த குரல் இல்லை, தெருவரைக்கும் கேட்டது. "கையால இழுத்தே வந்துடுச்சு! மேலருந்து நீங்க விழுந்திருந்தா? பாருங்க, நூல் பூரா பொடியாப் போயிருக்கு. கூரையில தேஞ்சதா இது? பேங்க் நாற்காலில, சலூன் நாற்காலில, ஸ்கூல் நாற்காலில சாஞ்சு சாஞ்சு தேச்சிருக்கீங்க! வெயில்லயும் மழையிலயும் இதைக் கழட்டாமத் திரிஞ்சிருக்கீங்க! கழட்டி வச்சிருந்தா இன்னும் நாலு வருஷம் வந்திருக்கும்!" மூச்சை இழுத்துக்கொண்டான். "நானும் இத்தனை நாளா வெறுமனே தட்டிட்டுச் சரின்னு சொல்லியிருக்கேன், மாடு மாதிரி!"

தபால்காரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நேரடியாவே பேச ஆரம்பிச்சுட்டீங்க. அப்ப நான் கவுண்ட்டர மூடிடலாமா?" என்றார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

பெல்ட்டுக்காரர் ஏணியை விட்டு நகர்ந்து, மச்சினன் கையிலிருந்த வளையத்தை வாங்கினார். வெளிச்சத்தில் திருப்பினார். தூளாக உதிர்ந்த நூலைக் கட்டைவிரலில் தேய்த்தார். தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"உங்க மாமனாரு சாயங்காலம் வீட்ல இருப்பாரா?"

"எங்க போவாரு? புதுசா ஒரு கொக்கி மாட்டியிருக்காரு. அதைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காரு. பிள்ளையத் தொட்டில்ல போடவும் பயம், போடாம இருக்கவும் ரோஷம்."

"நான் வந்தா அதைத் தொட மாட்டேன்."

"தொடுங்க அத்தான். தொங்கியே பாருங்க. யாரு வேணாம்னா? முதல்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தொங்குங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பழைய விஷயத்துக்கு ஒரு வார்த்தை."

"ரெண்டு வார்த்தையும் இன்னிக்கேவா?"

"இன்னிக்கேதான்."

பெல்ட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். கைமரம் பொத் என்று சொன்ன கூரையைக்கூட அவர் இவ்வளவு தயக்கத்தோடு பார்த்ததில்லை. பிறகு மெதுவாகத் தலையாட்டினார்.

மச்சினன் பின்னங்கழுத்தைச் சொறிந்தான். "அந்தக் கம்பெனிக்காரன் நாளைக்கு வரச் சொல்லியிருக்கான். அவன்கிட்ட நான் என்ன சொல்றது?"

"காத்து அடிக்குதுன்னு சொல்லு."

மச்சினன் சிரிக்கவில்லை; முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. தபால்காரம்மா தேநீர் எடுத்து வர உள்ளே போனார்.

இந்தத் தொழிலில் தோற்றுப்போன பெல்ட்டை முழுசாக வைக்க மாட்டார்கள். யாராவது தெரியாமல் எடுத்து மாட்டிக்கொண்டு ஏறிவிடக் கூடாதென்று, அந்த இடத்திலேயே துண்டு துண்டாக வெட்டிப் போடுவார்கள். பெல்ட்டுக்காரர் எழுந்தார். கால்சட்டைப் பையிலிருந்து கயிறு வெட்டும் மடக்குக் கத்தியை எடுத்து விரித்தார். அதன் பிடியை மச்சினனிடம் நீட்டினார். அவன் வாங்கிக்கொண்டதும் திரும்பி, பெல்ட்டைக் கழற்றாமலேயே, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றார்.